கிளாரினெட் ரீடைக் கெடுக்கும் பழக்கங்கள்

தொண்டியிலிருந்து தங்கச்சிமடம் வரை, பேண்ட் செட்டில் கிளாரினெட் வாசிக்கும் பலரும் ரீட் (வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸில் பொருத்தும், அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய நாணல் சீவல்) சீக்கிரம் கெட்டுப்போவதாகக் கடற்காற்றின்மீது பழி போடுகிறார்கள். காற்றின் ஈரத்துக்கு அதில் பங்கு உண்டு. நம் கைப்பழக்கத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

பெரிய தவறு, பெட்டியைப் பிரித்த அன்றே புது ரீடைத் தேர்பவனிக்குக் கொண்டுபோவது. தென்பிரான்சின் வார் பகுதி போன்ற இடங்களில் விளையும் நாணலை வெட்டி, நீண்ட காலம் உலர்த்திப் பதப்படுத்திய பிறகே ரீடாகச் சீவுகிறார்கள். அந்த உலர்ந்த நார் எச்சிலில் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். எடுத்த எடுப்பில் இரண்டு மணி நேரம் ஊதினால் நார் தளர்ந்து, சுருதி நிற்காது. முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். உச்சஸ்தாயியைத் தொடாமல் மெல்ல ஊதுங்கள். மறுநாள் பத்து நிமிடம். ஒரு வாரம் இப்படிப் பழக்குங்கள். ஓரியூர் திருவிழாவுக்கு வாசிக்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய வாரமே ரீட் தயாராக இருக்க வேண்டும். நான்கு ரீடுகளைப் பழக்கி, மாற்றி மாற்றி வாசிப்பது இன்னும் நல்லது. பட்டைப் பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதிவைத்தால் எது பழையது என்று தடுமாற வேண்டாம்.

நனைத்த ரீடை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நுனி அலை அலையாக நெளிந்திருந்தால் ஈரம் சமமாக ஏறவில்லை. இன்னும் ஒரு நிமிடம் ஊறவிட்டு, கண்ணாடித் துண்டின்மேல் வைத்து விரலால் மெல்ல அழுத்தினால் நேராகிவிடும். நுனி நெளிந்த நிலையிலேயே ஊதத் தொடங்கினால் கீச்சிடும்.

நம் பக்கத்துக்கே உரிய தவறு ஒன்று உண்டு: உவர்ப்பான கிணற்று நீரில் கழுவுவது. உப்பு நாருக்குள் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். குடிக்கும் தண்ணீர் கால் டம்ளர் எடுத்தால் போதுமே!

வாசித்த பின் ரீடை மவுத்பீஸிலேயே விட்டு மூடிவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில நாட்களிலேயே மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்பூஞ்சை பிடித்துவிடும். வெயிலில் காயவைப்பதும் தவறு. பட்டைப் பக்கமும் தட்டைப் பக்கமும் ஒரே வேகத்தில் காயாததால் ரீட் வளைந்துவிடும். துடைத்து, நிழலில் ஆறவிட்டு, காற்றுத் துளையுள்ள ரீட் பெட்டியில் வையுங்கள்.

இடைவேளையில் டீ குடித்தால் வாய் கொப்பளித்துவிட்டு ஊதுங்கள். ஒருவர் ரீடை இன்னொருவர் வாங்கி ஊதவே கூடாது. பூஞ்சை கண்ட ரீட் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அன்றே தூக்கிப்போடுங்கள்.