பழைய மாடல் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு டியூனர் மாற்றுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் கிட்டார் கற்கும் பிள்ளைகள் பலர் கையில் இருப்பது கைமாறி வந்த கிட்டார்தான். மாமா கல்யாண விருந்து மேடைகளில் வாசித்ததாக இருக்கும், இல்லாவிட்டால் அண்ணன் ஈப்போவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியதாக இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் சொல்லும் குறையும் பெரும்பாலும் ஒன்றே: "அண்ணே, டியூன் நிக்கவே மாட்டேங்குது. கீ எல்லாத்தையும் மாத்திடலாமா?"

மாற்றலாம். கீ என்று சொல்வது, தலைப்பகுதியில் கம்பியை இறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனரைத்தான். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு மத்தியானப் பொழுதில் முடித்துவிடுவார். ஆனால் புது டியூனர் நுழையவில்லை என்று தலைப்பகுதியின் துளையை டிரில் போட்டுப் பெரிதாக்கிவிட்டால், போன மரம் திரும்பி வராது. துளையை அளந்து அதற்குப் பொருந்தும் டியூனரைத் தேடுங்கள். கீழே சொல்லும் முறை முழுவதும் இதை வைத்துத்தான்.

முதலில், டியூனர்தான் காரணமா என்று பாருங்கள்

வீணையின் பிரடை உராய்வில் நிற்கிறது. கிட்டார் டியூனர் அப்படி இல்லை. உள்ளே ஒரு சின்னத் திருகு, அதோடு பல்கூடும் ஒரு சக்கரம். கம்பி சுற்றும் தண்டு அந்தச் சக்கரத்தோடு சேர்ந்தே சுழலும். கை திருகினால் சக்கரம் சுற்றும். கம்பி என்னதான் இழுத்தாலும் சக்கரத்தால் அந்தத் திருகைப் பின்னுக்குச் சுற்ற முடியாது. அதனால் "டியூனர் தானாகவே லூசாகிறது" என்று நாம் நினைப்பது பல சமயம் வேறு கோளாறு.

கம்பியை மெதுவாக ஏற்றும்போது நட்டுப் பக்கம் (கழுத்தின் உச்சியில் கம்பிகள் தங்கிப் போகும் காடிப் பட்டைதான் நட்டு) "டிங்" என்று ஒரு சத்தம் வந்து சுருதி தாவினால், கம்பி நட்டின் காடியில் சிக்குகிறது என்று அர்த்தம். 2B பென்சிலால் அந்தக் காடியில் நன்றாகத் தேய்த்துவிட்டுப் பாருங்கள். கரி சறுக்கலாக இருக்கும். அடுத்து, தண்டில் கம்பி எத்தனை சுற்று, எப்படிச் சுற்றியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தால் வாசிக்க வாசிக்க இறுகி, சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டையும் சரி பார்த்த பிறகும் தொல்லை தீரவில்லையா? தண்டு ஆடுகிறதா, பிடியைத் திருகினால் கொஞ்ச தூரம் ஒன்றும் நடக்காமல் வெறுமனே சுற்றுகிறதா, பின்மூடி கழன்று நிற்கிறதா, பிளாஸ்டிக் பிடி சுருங்கிப் பொடிகிறதா என்று பாருங்கள். இதில் ஏதாவது இருந்தால் மாற்றுவது நியாயம்.

எந்த டியூனர்?

1950-களில் ஃபெண்டர், கிப்சன் கிட்டார்களில் அதிகம் இருந்தவை க்ளூசன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் டியூனர்கள். இன்று 'விண்டேஜ்' என்று விற்பவை பெரும்பாலும் அந்த அச்சுதான். ஜப்பானின் கோத்தோ கம்பெனி போடும் எஸ்டி91 அதில் பேர்பெற்றது. அடையாளம் எளிது. பின்னால் மெல்லிய தகட்டு மூடி. முன்னால் இறுக்கும் மரை நட்டு எதுவும் இல்லாமல், மரத்தில் அழுத்திச் செருகிய சின்ன வளையம். அந்த வளையத்தைத்தான் புஷிங் என்கிறோம். ஃபெண்டர் வகையில் தண்டின் உச்சி இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒரு குழி இருக்கும். புது மாடலில் பின்பக்கம் கனமான வார்ப்புக் கூடு, முன்பக்கம் ஸ்பேனரால் இறுக்கும் ஆறுமுனை நட்டு.

1961-இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துப் போன பிறகு, இந்தப் பக்கமெல்லாம் எலெக்ட்ரிக் கிட்டார் குழுக்கள் பெருகின. பாப் யே யே என்ற அந்த மலாய் ராக் பாட்டுக் காலத்துக் கிட்டார் ஏதாவது உங்கள் வீட்டு அலமாரி மேல் கிடந்தால், அதில் ஒரு புதுத் துளைகூடப் போடாதீர்கள். கழற்றும் ஸ்க்ரூவைக்கூட வீசாதீர்கள்.

அளவு எடுப்பது

இந்த வேலையில் பாதி இதுதான். விட்டம் அளக்கும் காலிப்பர் ஒன்று வேண்டும். பிளாஸ்டிக் காலிப்பர்கூடப் போதும். ஒரு கம்பியைக் கழற்றி, ஒரே ஒரு டியூனரை எடுத்துவிட்டு, பின்பக்கமிருந்து மரத்துளையின் விட்டத்தை அளந்து பாருங்கள். 8.7 அல்லது 8.8 மி.மீ. வந்தால் அது பழைய அளவு. விண்டேஜ் டியூனர் நேராகப் பொருந்தும். 10 மி.மீ. அல்லது கொஞ்சம் கூட வந்தால் புது மாடலுக்காகப் போட்ட துளை. அதற்கும் விண்டேஜ் டியூனர் போடலாம். வெளிவிட்டம் 10 மி.மீ., உள்விட்டம் 6.35 மி.மீ. உள்ள மாற்றுப் புஷிங் தனியாகக் கிடைக்கும். சின்னத் துளையில் புது மாடல் போட ஆசைப்பட்டால்தான் மரத்தைக் குடைய வேண்டி வரும். வேண்டாம்.

ஸ்க்ரூத் துளைகளையும் பாருங்கள். ஃபெண்டர் மாதிரி ஆறும் ஒரே வரிசையில் இருந்தால், விண்டேஜ் டியூனர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். பக்கத்துப் பக்கத்து டியூனர் இரண்டுக்கும் நடுவில் ஒரே ஸ்க்ரூ, ஆக மொத்தம் ஏழு. மூன்று மூன்றாக இருபக்கமும் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்க்ரூ. வாங்கும்போது 'ஆறு ஒரே வரிசை'யா, 'மூன்றும் மூன்றும்'ஆ என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். இடக்கைக் கிட்டாருக்கு வரிசை மாறும்.

கழற்றுவது

கம்பிகளை நன்றாகத் தளர்த்திய பிறகே வெட்டுங்கள். 10-46 என்ற தடிமன் அளவுக் கம்பி செட்டில் ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ இழுவை. இறுக்கத்தோடு வெட்டினால் கம்பி முகத்தில் அடிக்கும். கம்பிகள் தங்கும் பிரிட்ஜ், கைப்பிடியால் ஆட்டும் விப்ரேட்டோ வகை என்றால், கம்பி போனதும் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுக்காதபடி அடியில் மடித்த துணியோ மரத்துண்டோ வையுங்கள். தூண் மேல் சும்மா உட்காரும் பிரிட்ஜ் என்றால் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கழன்று கீழே விழுந்துவிடும்.

இப்போது ஸ்க்ரூ. நம் ஊர் ஈரக்காற்றில் இந்தப் பொடி ஸ்க்ரூக்கள் மரத்துக்குள்ளேயே துருப்பிடித்துப் போயிருக்கும். தலைக்குச் சரியாக உட்காரும் 1-ஆம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். மேலிருந்து நன்றாக அழுத்திக்கொண்டு, முதலில் இறுக்கும் பக்கமே மயிரிழை அளவு திருப்புங்கள். "கிரிக்" என்று ஒரு சத்தம் வரும், துரு விட்டுவிட்டது. பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். அப்படியும் அசையவில்லையென்றால் சூடான சால்டரிங் அயர்ன் முனையைப் பத்து இருபது விநாடி ஸ்க்ரூத் தலையில் வைத்து எடுத்து, சூடு கொஞ்சம் ஆறியதும் முயலுங்கள். முனை பெயின்ட்டில் படக் கூடாது. பலத்தைக் காட்டித் திருகினால் தலை முறிந்து, கால் மரத்திலேயே தங்கிவிடும்.

பழைய புஷிங் நல்ல நிலையில் இருந்து, புதுத் தண்டு அதில் ஆடாமல் சுழன்றால் அதை எடுக்கவே வேண்டாம். எடுக்க வேண்டுமென்றால், முதலில் முன்பக்கம் புஷிங்கின் ஓரத்தைச் சுற்றிக் கூரிய பிளேடால் மெல்லக் கீறுங்கள். பெயின்ட் புஷிங்கோடு சேர்ந்து பெயராது. அப்புறம் பின்பக்கமிருந்து புஷிங்கின் விளிம்பில் உட்காரும் அளவு மரக்குச்சியை வைத்து நேராகத் தள்ளுங்கள். சாய்த்து நெம்பினால் துளையின் வாய் சிதைந்துவிடும்.

புதியதைப் பொருத்துவது

புஷிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்கப் பலருக்குக் கை துறுதுறுக்கும். தலைப்பகுதி மெலிசு, அடித்தால் பிளக்கும், பெயின்ட்டும் விரியும். பட்டணத்து ஹார்ட்வேர் கடையில் முதலாளி தவுக்கேயிடம் 5 மி.மீ. போல்ட் ஒன்று, நட்டு ஒன்று, வாஷர் நாலைந்து கேளுங்கள். போல்ட்டில் வாஷர் கோத்து, முன்பக்கமிருந்து புஷிங் வழியாகத் துளைக்குள் விடுங்கள். பின்பக்கம் அட்டைத்துண்டு வைத்து, அதன் மேல் பெரிய வாஷர், பிறகு நட்டு. நட்டை ஸ்பேனரால் கால் சுற்று கால் சுற்றாக இறுக்க, புஷிங் சத்தமில்லாமல் நேராக இறங்கி உட்காரும். கொஞ்சம் லூசாக இருந்தால் மெல்லிய அலுமினியத் தாளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அழுத்துங்கள்.

ஆறு டியூனரையும் செருகுங்கள். ஸ்க்ரூ போட அவசரப்படாதீர்கள். பிடிகளின் ஓரத்தில் ஒரு ரூலரை வைத்து எல்லாம் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தண்டும் புஷிங்கில் தொட்டும் தொடாமலும் சுழல வேண்டும். ஒன்று இறுக்கமாகச் சுழன்றால் அது கோணலாக இருக்கிறது.

பழைய ஸ்க்ரூத் துளை புதியதோடு ஒத்துப்போனால் நல்லது. துளை தேய்ந்து ஸ்க்ரூ பிடிக்கவில்லை என்றால், பல்குத்தும் குச்சியில் மரப்பசை தடவிச் செருகி, ஒரு இரவு காயவிட்டு, மேலோடு வெட்டிவிடுங்கள். புதுத் துளை போட்டே ஆக வேண்டும் என்றால் 1.6 மி.மீ. டிரில் பிட் எடுத்து, நுனியிலிருந்து 8 மி.மீ.-இல் டேப் சுற்றுங்கள். டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். அந்த அடையாளம் இல்லாமல் டிரில் போட்டால் முன்பக்கம் ஓட்டை தெரியலாம். பல கிட்டார்களின் கழுத்துக்குப் போடும் மேப்பிள் மரம் கெட்டி. முன்துளை இல்லாமல் ஸ்க்ரூவை ஏற்றவே கூடாது. ஸ்க்ரூவின் மரையை மெழுகுவர்த்தியில் தேய்த்துக்கொள்ளுங்கள். சோப்பு வேண்டாம், ஈரம் இழுக்கும். இரண்டு ஓரத்தையும் பாதி இறுக்கி, நடுவிலுள்ளதைப் பாதி இறுக்கி, ரூலரை இன்னொரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் முழுதாக இறுக்குங்கள். உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

பிளந்த தண்டில் கம்பி கட்டுவது

மற்ற டியூனர் மாதிரி கம்பியைக் குறுக்கே கோத்துவிட்டுக் கடைசியில் வெட்டினால் இதில் வேலைக்கு ஆகாது. இதற்கு முதலிலேயே வெட்ட வேண்டும்.

தண்டின் சுற்றளவு ஏறக்குறைய 20 மி.மீ.; குழிக்குள் போகும் நுனி 10 மி.மீ. அப்படியானால் தண்டைத் தாண்டி 50 மி.மீ. விட்டு வெட்டினால் இரண்டு சுற்று, 75 மி.மீ. விட்டால் மூன்று சுற்றுக்கு மேல். தடித்த மூன்று கம்பிகளுக்கு முதல் அளவு, மெல்லிய மூன்றுக்கு இரண்டாவது. தண்டுக்குத் தண்டு சுமார் 25 மி.மீ. இடைவெளி இருப்பதால், "இரண்டு தண்டு தாண்டி", "மூன்று தண்டு தாண்டி" என்று கண்ணாலேயே அளக்கலாம். வரிசை முடிந்துவிட்டால் ரூலர் வையுங்கள்.

தடித்த கம்பியை வெட்டும் முன் வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் செங்கோணமாக மடியுங்கள். சுற்றுக்கம்பி உள்கம்பியிலிருந்து நழுவாது. தண்டின் பிளவு கம்பி வரும் திசையில் நிற்கும்படி திருப்பி, நுனியை நடுக்குழியில் அடிவரை நேராக இறக்கி, பிளவு வழியாக மடித்து வெளியே எடுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குக் கீழே வரும்படி சுற்றுங்கள். கீழே இறங்கும் கம்பிதான் கழுத்து நட்டில் நன்றாக அழுந்தும். கூரிய நுனி குழிக்குள் ஒளிந்துகொள்வதால் விரலையும் குத்தாது, ஸ்டாண்டில் வைக்கும் துணியையும் கிழிக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தப் பழைய அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆறும் கட்டியதும் 12-ஆம் ஃபிரெட் பக்கம் ஒவ்வொரு கம்பியையும் விரலால் மெல்லத் தூக்கி இழுத்துவிட்டு, சுருதி வையுங்கள். இறங்காமல் நிற்கும்வரை இதையே செய்யுங்கள். சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றித்தான் பிடிக்க வேண்டும். தாண்டிப் போனால் நன்றாக இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள், சக்கரத்தின் பல் இடைவெளி அப்போதுதான் ஒரு பக்கமாகவே நிற்கும்.

மறுநாள் கழுத்து வளைவை ஒரு தடவை பாருங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். ஒரு வாரம் கழித்துப் பின்பக்க ஸ்க்ரூக்களை ஒரு தடவை தொட்டுப் பார்த்து, லூசானதை மட்டும் இறுக்குங்கள். கழற்றிய பழைய டியூனர், புஷிங், ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, எந்தக் கிட்டாருடையது என்று எழுதி, கிட்டார் கேஸிலேயே வையுங்கள். நாளை அந்தக் கிட்டாரை யாருக்காவது கொடுத்தால் அந்தப் பையையும் சேர்த்துக் கொடுங்கள்.