சிங்க் அடைத்தால், குளியல் தொட்டியில் தண்ணீர் நின்றால்: கொங்குப் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்குப் புதிதாகப் போனவர்களுக்கு

போன மார்கழியில் கனடாவுக்குக் குடிபோன அக்கா மகள், கோபியில் இருக்கும் எனக்கு விடிகாலையில் கூப்பிட்டாள். "மாமா, தொட்டீல தண்ணி எறங்கவே மாட்டீங்குதுங். கணுக்கால் மட்டும் நிக்குதுங்." என்ன சாமி ஊத்துன என்று கேட்டேன். கடையில் விற்கிற அடைப்பு நீக்கும் திரவம், ஒரு பாட்டில் முழுக்க ஊற்றியிருக்கிறாள். அப்படின்னா அந்தத் தண்ணியில கை வைக்காத, எதையும் போட்டு அழுத்தாத, என்ன ஊத்துனன்னு ஓனர்கிட்டச் சொல்லி ஆளை வரச் சொல்லு என்றேன். வந்தவர் உள்ளேயிருந்து இழுத்தது ஒரு சாண் நீளத்துக்கு எலிவால் மாதிரி ஒரு முடிக்கற்றை. எண்ணெயும் சோப்பும் அரப்புத்தூளும் ஏறி, சாம்பல் நிறத்தில், கொழகொழவென்று. போட்டோ அனுப்பியிருந்தாள். பாட்டிலை ஊற்றுவதற்கு முன்னால் கேட்டிருந்தால் ஒரு பிளாஸ்டிக் குச்சியில் ரெண்டு நிமிஷத்தில் அவளே எடுத்திருப்பாள்.

நானும் அங்கே 11 வருஷம் இருந்தவன், முதல் வருஷம் இதே பாடுதான். நம் ஊரில் பொடக்காளியில் தண்ணி வார்த்தால் சலதாரை வழியாக அது நேராக வாழைக்கும் தென்னைக்கும் போய்விடும். முடி சிக்கினால் சீமாற்றுக் குச்சியால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். அங்கே சிங்க்குக்குக் கீழே கதவைத் திறந்து பாருங்கள், குழாய் யூ மாதிரி வளைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அதுதான். குளியல் தொட்டிக்குக் கீழேயும் கண்ணுக்குத் தெரியாமல் இதே வளைவு உண்டு. நாம் ஊற்றுகிறதெல்லாம் போய்ப் படிகிற இடமும் அதுவேதான்.

தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கிவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலை வெயிலில் வைத்துத்தானே எடுப்போம்? அங்கே ஹீட்டர் ஓடுகிற வீட்டிலேயே 20, 21 டிகிரிதான், வெளிச்சுவரை ஒட்டிய குழாய் அதைவிடக் குளிர்ந்து கிடக்கும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தலையிலிருந்து இறங்கிய எண்ணெய் குழாய்க்குள் மெழுகாகிவிடும், அதில் முடி ஒட்டும், முடியில் அரப்பு ஒட்டும். தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பும் திரிந்து வெள்ளையாகப் படியும். சிறுவாணித் தண்ணியில் குளித்தவர்கள் போர் தண்ணியில் குளித்துப் பார்த்தால் இது உடனே புரியும்.

எண்ணெய்க் குளியலை விடச் சொல்லவில்லை, நான் விட்டதும் இல்லை. தொட்டிக்குள் இறங்குவதற்கு முன் தலையை நன்றாகச் சீவி உதிர்ந்த முடியைக் குப்பையில் போடுங்கள், உடம்பு எண்ணெயைப் பேப்பர் டவலில் ஒற்றி எடுங்கள், அரப்பைத் துணியில் சலித்துக் கரையுங்கள், தொட்டித் துளையின் மேல் சின்னச் சல்லடை போடுங்கள்.

சரி, அடைத்தே போய்விட்டது, என்ன செய்வது? தொட்டியென்றால் முதலில் மூடியைக் கழற்ற வேண்டும். சிலது இடப்பக்கம் திருகினால் வந்துவிடும், சிலதில் உச்சிக் குமிழைத் திருகி எடுத்தால் உள்ளே ஒரு ஸ்க்ரூ இருக்கும். துளையில் மூடியே இல்லாமல், மேலே தொட்டிச் சுவரில் ஒரு தகடும் அதில் ஒரு சின்ன நெம்புகோலும் இருந்தால் அந்தத் தகட்டின் ரெண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மெதுவாக இழுங்கள், நீளக் கம்பியோடு முடியும் சேர்ந்து வரும். அப்புறம் பக்கவாட்டில் முள் வைத்த பிளாஸ்டிக் குச்சியை விட்டுச் சுழற்றி இழுக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் மலிவாகவே கிடைக்கும். ஒரு தடவையில் நிறுத்தாதீர்கள், வெறுங்குச்சி வரும் வரை இழுங்கள்.

அதற்கும் இறங்கவில்லை என்றால் பிளஞ்சர், அதுதான் பிடி நுனியில் ரப்பர் கிண்ணம். டாய்லெட்டுக்கு வாங்கியதை இதற்குப் போடாதீர்கள், தட்டையான கிண்ணம் தனியாக வேண்டும். பலரும் தவறவிடுவது ஒன்று: தொட்டி நிரம்பினால் தண்ணீர் வழிந்துபோகச் சுவரில் வைத்திருக்கும் மேல்துளையை ஈரத்துணியால் இறுக்கி அடைக்காவிட்டால் காற்று அந்த வழியாகப் போய்விடும், எத்தனை அழுத்தினாலும் வீண். ரெட்டை சிங்க்கில் பக்கத்துத் துளையையும் அப்படியே அடைக்க வேண்டும். கிண்ணம் முழுகும் அளவுக்குத் தண்ணீர் நிற்கட்டும்.

சமையலறையில் எதிரி வேறு. அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கிய குண்டாவை நெய்யோடு அப்படியே கழுவினால் பருக்கை வளைவில் உட்கார்ந்து ஊறி உப்பும், நெய் அதன் மேல் உறையும். பேப்பரில் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், பொரித்த எண்ணெயை ஆறவைத்து ஒரு ஜாடியில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள். 2017இல் லண்டன் வொய்ட்சாப்பல் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் ஒரு கொழுப்புப் பாறையைக் கண்டுபிடித்தார்கள், எல்லாம் வீட்டிலும் ஓட்டலிலும் ஊற்றிய எண்ணெயும் டாய்லெட்டில் போட்ட ஈரத்துடைப்புத் தாள்களும் சேர்ந்து இறுகியதுதான்.

அமெரிக்கா, கனடாவில் சில சிங்க்குக்குக் கீழே அரைக்கிற மெஷின் இருக்கும். அது மிக்ஸி இல்லை. முருங்கைச் சக்கை, வாழைத்தண்டு நார், தேங்காய் நார், சோறு, எதுவும் போடக்கூடாது. ஓடாமல் நின்றால் சுவிட்சை அணையுங்கள், கையை உள்ளே விடாதீர்கள். அடியில் நடுவிலுள்ள துளையில் ஆறுமுகச் சாவியை (ஆலன் கீ) போட்டு இருபக்கமும் திருப்பி, அடியிலுள்ள சிவப்புப் பட்டனை அமுக்கிப் பாருங்கள்.

யூ வளைவை நீங்களே கழற்றலாம். அடியில் வாளி, ரெண்டு நட்டையும் கையால் திருகினால் போதும், வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று முதலிலேயே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ஆனால் உள்ளே கெமிக்கல் ஊற்றியிருந்தால் தொடவே தொடாதீர்கள். நம் ஊரில் ஆசிட் ஊற்றிப் பழகிய கை அங்கே பிளீச்சையும் ஆசிட்டையும் அடுத்தடுத்து ஊற்றப் பார்க்கும், ரெண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம், பிவிசி குழாய் இளகும்; பைப்பில் வருகிற சுடுதண்ணீர் போதும். சோடா மாவும் வினிகரும் நன்றாகப் பொங்கும், முடியை அது அசைக்காது.

இன்னொன்று, பல வீட்டு பாத்ரூம் தரையில் தண்ணீர் போகத் துளையே இருக்காது. சொம்பால் மொண்டு தரையில் ஊற்றினால் கீழ்வீட்டுக் கூரையில்தான் ஒழுகும். குளிப்பது தொட்டிக்குள்ளே, திரையின் ஓரமும் தொட்டிக்குள்ளே.

கடைசியாக, டாய்லெட்டில் ஃபிளஷ் பண்ணும்போது தொட்டியில் கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று ஏறுகிறதா? அது உங்கள் முடி அடைத்ததில்லை, வீட்டுக் கழிவெல்லாம் சேர்ந்து வெளியே போகிற மெயின் லைன் அடைத்தது. குச்சி, பிளஞ்சர் எதுவும் வேண்டாம். வாஷிங் மெஷினை நிறுத்துங்கள், வீட்டில் யாரும் பைப்பைத் திறக்கக் கூடாது என்று சொல்லுங்கள், போட்டோவோடு ஓனருக்கு மெசேஜ் போட்டுவிட்டுப் போனும் பண்ணுங்கள், நடுராத்திரியானாலும் சரி.