பெற்றோல் அடித்த கையோடு எஞ்சின் உதறுகிறதா?

முதலில் உதறல் எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்று பாருங்கள். பாதி நோய் அதிலேயே பிடிபட்டுவிடும். நான் அதைப் பார்க்காமல்தான் மூன்று மாதம் பெற்றோல் ஷெட்காரனைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். கல்முனையில் வேலை, வீடு மட்டக்களப்பில், வாரத்துக்கு ஒருமுறை வரும் வழியில் டாங்கி நிறைய அடிப்பேன். அடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் இரண்டு மூன்று தரம் இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகும், நின்ற இடத்தில் கார் முழுக்க நடுங்கும், உள்ளே பெற்றோல் மணம் வேறு. ஓரிரு கிலோமீற்றர் ஓடியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி சீராகிவிடும். தண்ணீர் கலந்த பெற்றோல் என்று முடிவு கட்டி ஷெட்டை மாற்றினேன். அங்கேயும் அதே கூத்து.

பெற்றோலில் தண்ணீர் இருந்தால் இரண்டு கிலோமீற்றரில் சீராகாது, ஓட ஓட மோசமாகும். அடித்தவுடன் வந்து சில நிமிடத்தில் போய்விடுகிற உதறல் என்றால் பேர்ஜ் வால்வைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அது என்னவென்றால், டாங்கியில் எழும் பெற்றோல் ஆவி வெளியே போகாமல் இருக்க, கரி நிரப்பிய ஒரு பெட்டி அதைப் பிடித்து வைக்கும். கனிஸ்டர் என்பார்கள். எஞ்சின் சூடாகி ஓடும்போது கம்பியூட்டர் பேர்ஜ் வால்வைத் திறந்து அந்த ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினுக்குள் இழுத்து எரிக்கும். மற்ற நேரம் வால்வு மூடியிருக்க வேண்டும். அது திறந்தபடியே இறுகிவிட்டால், பெற்றோல் அடிக்கும்போது டாங்கியிலிருந்து தள்ளப்படும் ஆவியெல்லாம் ஸ்டார்ட் செய்த உடனே ஒரேயடியாக எஞ்சினுக்குள் போகும். காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல், அதனால்தான் நடுக்கம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எனக்கு இது கூடியதற்கும் காரணம் உண்டு, சூட்டில் ஆவி அதிகம்.

சோதிப்பதற்குக் கராஜ் தேவையில்லை. பொனட்டைத் திறந்தால் காற்றுப் போகும் மனிஃபோல்டின் மேலோ பக்கத்திலோ, இரண்டு ஹோஸும் ஒரு வயர் சொக்கட்டும் உள்ள சின்ன வால்வு இருக்கும். எஞ்சினை நிறுத்தி, சொக்கட்டையும் கனிஸ்டர் பக்கமிருந்து வரும் ஹோஸையும் கழற்றுங்கள், மனிஃபோல்டுக்குப் போகிற மற்ற ஹோஸைத் தொட வேண்டாம். இனி ஸ்டார்ட் செய்து, வால்வின் திறந்த வாயில் விரலை வையுங்கள். சொக்கட் கழன்றிருப்பதால் வால்வு மூடித்தான் இருக்க வேண்டும். விரலை உறிஞ்சினால் வால்வு போய்விட்டது, வேறு யோசனை வேண்டாம். ஃபேன் பெல்ட்டுக்குக் கையோ சறமோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் சிகரெட்டும் வேண்டாம். சொக்கட்டைக் கழற்றியதால் எஞ்சின் லைற் எரியலாம், ஸ்கேனரால் அழித்துவிடலாம். அதே ஸ்கேனரில் ஏற்கெனவே பி 0496 (பேர்ஜ் வால்வு வழியாக ஆவி மிஞ்சி வருகிறது) அல்லது பி 0172 (காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல்) என்ற பழுதுக் குறியீடு வந்திருந்தால் சந்தேகம் இன்னும் பலமாகும்.

வால்வை மாற்றுவது சிறிய வேலை. புதியது கிடைக்கும்வரை, பெற்றோல் அடித்த பிறகு அக்சிலறேற்றரை லேசாக மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள், காற்றுக் கூடுவதால் சீக்கிரம் பிடிக்கும். சில கராஜ்களில் ஹோஸை அடைத்துவிட்டு “சரி, எடுத்துட்டுப் போங்க” என்பார்கள். உதறல் நிற்கும்தான், ஆனால் கனிஸ்டர் நிரம்பி, வெயிலில் நிறுத்திய காரைச் சுற்றிப் பெற்றோல் மணக்கும்.

வால்வு ஏன் பழுதானது என்பதையும் பாருங்கள், இல்லாவிட்டால் புதியதும் போகும். கழற்றிய வால்வைத் தட்டியபோது எனக்குக் கறுப்புக் கரித்தூள் கொட்டியது. தப்பு என்னுடையதுதான். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது வரிசையில் கிடந்து, பங்குக்கான கியூஆர் காட்டி, கிடைத்த அன்றைக்கு ஒரு சொட்டுக்கூட விடாமல் நிரப்பிய பழக்கம் இன்னும் போகவில்லை. பம்ப் தானாக ‘டக்’ என்று நின்ற பிறகும், காசுக் கணக்கைச் சரியாக்க இன்னும் கொஞ்சம் விடச் சொல்வேன், பொடியனும் விடுவான். ஆவி மட்டும் போக வேண்டிய கனிஸ்டருக்குள் அப்படித்தான் பெற்றோலே இறங்குகிறது. கரி ஊறி உடைந்து வால்வில் போய் அடைத்துக்கொள்ளும். தூள் வந்தால் கனிஸ்டரையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான். இப்போது முதல் ‘டக்’குடன் நிறுத்தச் சொல்கிறேன்.

சரி, உண்மையிலேயே தண்ணீர் என்றால்? மாரியில் வெள்ளம் நின்ற பிறகு இந்தச் சந்தேகம் நியாயமானது, ஷெட்டின் டாங்கி நிலத்துக்குக் கீழேதான் இருக்கிறது. அடித்துக் கொஞ்ச தூரம் போனதும் மிஸ் அடிக்கத் தொடங்கி, மேடேறும்போது இழுவை குறைந்து, உதறல் நிற்கவே இல்லை என்றால் ஓட்டுவதை நிறுத்துங்கள். மெக்கானிக்கை வைத்து டாங்கியிலிருந்து கொஞ்சம் எடுத்து, உள்ளே தெரிகிற கண்ணாடிப் போத்தலில் அரை மணிநேரம் அசையாமல் வையுங்கள். பெற்றோலைவிடத் தண்ணீர் பாரம், அடியில் தனியாகப் பிரிந்து கோடு தெரியும். தெரிந்தால் டாங்கியை முழுக்க வடிக்க வேண்டும், மேலே நல்ல பெற்றோல் ஊற்றிச் சமாளிக்க முடியாது. ஷெட்டில் பேசப் போவதென்றால் பில்லும் அந்தப் போத்தலும் கையில் இருக்கட்டும்.

டீசல் மாறி அடித்துவிட்டார்கள் என்று அங்கேயே தெரிந்தால் சாவியைத் தொடவே வேண்டாம், தள்ளி ஓரமாக்குங்கள். பெற்றோல் அடிக்காத நாளிலும் இதே உதறல் இருந்தால் காரணம் வேறாகவும் இருக்கலாம், ஸ்பார்க் பிளக்கையும், எஞ்சினுக்குள் காற்றை விடும் திரொட்டில் பொடி என்ற பாகத்தில் படிந்த அழுக்கையும் பாருங்கள்.