வட்டமாக இருந்தாலே விண்கல் பள்ளமா? அவசர முடிவில் நேரும் தவறுகள்

ராமநாதபுரம் கடலோரத்தைச் சாட்டிலைட் மேப்பில் பார்த்தால் வளைவும் வட்டமுமாகத்தான் தெரியும். கண்மாய்க் கரைகள், ஊருணிகள், சாயல்குடிப் பக்கத்துத் தேரி மணலின் பள்ளங்கள், பவளப்பாறை சூழ்ந்த தீவுகள். உடனே ஒருவர் விண்கல் என்பார், இன்னொருவர் எரிமலை வாய் என்பார். மனிதன் வெட்டியதா, காற்றும் நீரும் செய்ததா என்று யாரும் கேட்பதில்லை. முதல் தவறே இதுதான்.

அமெரிக்கக் கிழக்குக் கரைச் சமவெளியில் 'கரோலைனா பேஸ்' என்ற நீள்வட்டப் பள்ளங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. விண்கல் மழையில் வந்தவை என்று 1930களில் பெரிதாகப் பேசினார்கள். தடயம் ஒன்றும் சிக்கவில்லை. காற்றும் ஆழமில்லாத நீரும் செய்த வேலை என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. மணல் கரையில் வாழும் நமக்கு இது பொருத்தமான பாடம்.

அடுத்தது, கல்லில் துளை இருந்தால் எரிமலை என்பது. பவளக்கல்லிலும் துளை உண்டு; விண்கல் மோதி உருகிய பாறையிலும் குமிழி உண்டு. அசல் எரிமலை நுரைக்கல்லாகவே இருக்கட்டும், அது மிதந்து வந்திருக்கலாமே! 1883இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை கக்கிய நுரைக்கல் ஆப்பிரிக்கக் கரைவரை போனது. விண்கல்லா என்று காந்தம் வைத்துப் பார்ப்பதும் போதாது; கடற்கரைக் கருமணலே காந்தத்தில் ஒட்டும்.

சரி, சுற்றிலும் எரிமலைப் பாறையாகவே இருந்தால்? மகாராஷ்டிராவின் லோனார் ஏரி அப்படித்தான் பலரைக் குழப்பியது. சுமார் 1.8 கி.மீ. அகலமுள்ள அந்தப் பள்ளம் ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டு பழைய எரிமலைப் பாறையில் இருக்கிறது. ஆனால் பாறையின் வயது வேறு, பள்ளத்தின் வயது வேறு. ஒரு கணக்கு 50 ஆயிரம் ஆண்டு என்கிறது, இன்னொன்று 5.7 லட்சம் என்கிறது. எதை எடுத்தாலும் எரிமலை அடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. அங்கே மாஸ்கெலினைட் கிடைத்ததை 1973இல் அறிவித்தார்கள். பாறையிலுள்ள கனிமம் பேரதிர்ச்சியில் கண்ணாடியாக மாறியது அது. எரிமலையால் அவ்வளவு அழுத்தம் தர முடியாது.

பெரிய ஆட்களும் சறுக்கிய இடம் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பெரும் பள்ளம். 1891இல் அங்கே போன நிலவியலாளர் கில்பர்ட், அடியில் இரும்புக்கல் புதைந்திருந்தால் காந்த ஊசி விலக வேண்டும் என்று கணக்கிட்டார். விலகவில்லை, நீராவி வெடிப்பு என்று முடித்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், நிலாவின் பள்ளங்கள் மோதலால் வந்தவை என்று வாதாடியவரும் அவரே. அப்புறம் வந்த சுரங்கப் பொறியாளர் பாரிங்கர் விண்கல்தான் என்று சரியாகச் சொன்னார். ஆனால் அவரும் கல் முழுசாக உள்ளே கிடக்கிறது என்று நம்பி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தோண்டினார். அந்த வேகத்தில் மோதும் இரும்பில் பெரும்பகுதி உருகி, ஆவியாகி, சிதறிவிடும் என்பது இருவருக்கும் எட்டவில்லை. 1960இல் அங்கே கோயசைட் கண்டுபிடிக்கப்பட்டதும் வழக்கு முடிந்தது. குவார்ட்ஸ் கடும் அழுத்தத்தில் மாறி உருவாகும் கனிமம் அது.

எனவே நம் ஊரில் சந்தேகம் வந்தால், கரை ஒதுங்கிய கல்லை ஆய்வாளரிடம் கொண்டு போகாதீர்கள். கடல் எங்கிருந்து கொண்டுவந்ததோ! அந்தப் பள்ளத்துக்கு அடியில், இருந்த இடத்திலேயே எடுத்த பாறைதான் வேண்டும்.