மூச்சை விரட்டாதீர்கள்: பயிற்சி தொடங்குபவர்கள் செய்யும் தவறுகள்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் பாம்பன் கரையில் எங்கள் காலை மூச்சுப் பயிற்சிக்கு ஆள் கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, முதுகுவலி, தூக்கமின்மை, கடன் கவலை என்று ஆளுக்கொரு காரணத்தோடு வந்து மணலில் உட்காருவார்கள். இந்த வருடமும் வந்தார்கள், பத்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறுகளைச் செய்தார்கள். சாப்பிட்ட கையோடு செய்யக் கூடாது, கூன் போடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

தோளைத் தூக்கி இழுப்பது

"நல்லா இழுங்க" என்றதும் தோள் இரண்டும் காது வரை ஏறிவிடும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்கினால்தான் நுரையீரலின் அடி வரைக்கும் காற்று நன்றாகப் போகும், அப்போது வயிறு தானாக முன்னால் வரும். மல்லாந்து படுத்து, தொப்புளுக்கு மேல் ஒரு கையை வைத்துப் பழகுங்கள்.

வேகம்தான் பலம் என்று நினைப்பது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல். செல்போனில் யாரோ செய்வதைப் பார்த்துவிட்டு, புஸ் புஸ்ஸென்று நூறு தடவை ஊதித் தள்ளுகிறார்கள், ஆக்சிஜன் நிறைய ஏறும் என்ற நம்பிக்கையில். ஏறாது. நல்ல உடம்புக்காரர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கும், இனி நிரப்ப இடம் அதிகமில்லை. வேகமாக ஊதும்போது குறைவது கார்பன் டை ஆக்சைடு. அது அளவுக்கு மீறிக் குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கும், உதட்டைச் சுற்றி எறும்பு ஊரும், சோற்றுக் கவளம் பிடித்த மாதிரி விரல்கள் தாமாகக் குவிந்துகொள்ளும். அப்படிக் குவிந்த கையைக் காட்டி "சக்தி ஏறுது" என்று ஒருவர் சொன்னபோது வந்த கோபம் அன்று முழுக்கத் தணியவில்லை.

கடலோரத்தில் இது உயிர் போகிற விஷயம். மூச்சை அடக்கும்போது "விடு, விடு" என்று உடம்பு நெருக்குவது, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால்தான். அதை முதலிலேயே ஊதி வெளியேற்றிவிட்டு முங்கினால், அந்த நெருக்கல் வருவதற்குள் ஆக்சிஜன் குறைந்து நினைவு தப்பிவிடும். இடுப்பளவு தண்ணீரே போதும், ஆள் போவதற்கு.

எனக்கு அதுதான் நடந்தது. பாசி எடுக்கும் அக்காமாரோடு ஒரு நாள் இறங்கினேன், அவர்களைவிட அதிக நேரம் அடியில் இருந்து காட்ட வேண்டும் என்ற வீம்பு, முப்பது தடவை வேகமாக இழுத்து விட்டு முங்கினேன். கீழே ஒரு கஷ்டமும் தெரியவில்லை, பாறையில் பாசி அசைகிறது, அதன் மேல் வெயில் ஆடுகிறது, அவ்வளவு சுகம். அடுத்து நினைவிருப்பது என் தலைமுடியைப் பிடித்திருந்த ஒரு கை, விரலுக்கு விரல் துணி சுற்றிய கை. நான் இருமி முடித்ததும் அந்த அக்கா கேட்டார்: "மூச்ச எதுக்குத் தம்பி இப்படி வெரட்டுற?" அவர் சாதாரணமாக நாலு மூச்சு விட்டு, அப்புறம் ஒன்றை இழுத்துக்கொண்டு இறங்குவார், முட்டுவதற்கு முன்பே மேலே வந்துவிடுவார்.

இந்த வைகாசியில் ஒரு பையன் கழுத்தளவு தண்ணீரில் நின்று, எண்ணி எண்ணி ஊதிக்கொண்டிருந்தான். வேட்டியோடு இறங்கி அவனை இழுத்து வந்தேன்.

வேகப் பயிற்சி வேண்டுமென்றால் தரையில் உட்கார்ந்து, தெரிந்தவர் பக்கத்தில் இருக்க, கொஞ்சமாகச் செய்யுங்கள். ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது வேண்டாம், மூச்சை அடக்குவதும் வேண்டாம்.

விடுவதை மறப்பது

நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகும். படபடப்போடு வருகிறவருக்கு நான் முதலில் கொடுப்பது இந்த ஐந்து நிமிடம் மட்டும்தான்.

கரிமூட்டப் புகை பக்கத்தில் செய்வது

வேண்டாம்.

இன்ஹேலரை நிறுத்துவது

பயிற்சி ஆரம்பித்து மூன்றே வாரத்தில் ஆஸ்துமா மருந்தைத் தானாக நிறுத்திய ஒரு பெரியவரை, வாடைக் காற்று அடித்த ஒரு ராத்திரியில் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம். மருந்தைக் குறைப்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. அவர் இப்போது சட்டைப் பையில் இன்ஹேலரோடுதான் மணலில் வந்து உட்காருகிறார்.