வேனில் இரண்டு பேட்டரி, ஒன்று மட்டும் வீக்: சரிசெய்த விதம்

ஒகேனக்கல்லில் இரவு தங்க வசதியாக மாற்றிய வேன். 12 வோல்ட், 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி இரண்டு, பேரலலில், அதாவது பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து. தர்மபுரியில் வயரிங் செய்தவர் இன்வெர்ட்டருக்குப் பிளஸ், மைனஸ் இரண்டையுமே முதல் பேட்டரியில் இருந்து எடுத்துவிட்டார். எட்டு மாதத்தில் முதலாவது வீக். இரண்டாவது நன்றாகவே இருந்தது.

கரண்ட், தடை குறைந்த வழியில்தான் அதிகம் போகும். இரண்டாவதுக்கு இணைப்பு வயரின் தடையும் சேர்வதால், லோடை முதலாவதே பெரும்பாலும் சுமந்தது. இப்போது பிளஸ் முதல் பேட்டரியில், மைனஸ் இரண்டாவதில், அதாவது குறுக்காக. நடு இணைப்பு வயர்கள் இரண்டும் ஒரே நீளம். பேட்டரியும் இரண்டையுமே மாற்ற வேண்டியதாயிற்று. பழையதும் புதியதும் ஜோடி சேராது, செலவுக்கு அழுது பயனில்லை.

அடுத்த கோளாறு, மிக்ஸி போட்டாலே வோல்ட் இறங்கி இன்வெர்ட்டர் கத்துவது. 800 வாட் லோடுக்கு, இன்வெர்ட்டரில் வீணாவதும் சேர்த்து, 12 வோல்ட்டில் சுமார் 78 ஆம்பியர் ஓடும். போக வர மொத்தம் 6 மீட்டர், 16 சதுர மி.மீ. காப்பர் வயரில் அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கும். 35 சதுர மி.மீ. வயர் போட்டதும் கால் வோல்ட்தான். பிளஸ் முனையில் இருந்து ஒரு சாணுக்குள் 125 ஆம்பியர் ஃபியூஸ்.

தொப்பூர் கணவாயில் குலுங்கும்; பெட்டியை பெல்ட் போட்டு இறுக்கி, கேஸ் வெளியேற டியூப் வைக்கவும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். நம் மாவட்டத்து போர் தண்ணீரைப் பேட்டரிக்கு ஊற்றவே கூடாது. லோடும் சார்ஜும் இல்லாத ஓய்வில் பேட்டரி 12.2 வோல்ட் காட்டினால் பாதி காலி, சார்ஜில் போடவும்.