கையடக்கக் கருவியில் ரேஸ் கேம்: நல்லதா என்று கண்டுபிடிப்பது எப்படி

அட்டையில் எத்தனை கார், எத்தனை டிராக் என்று போட்டிருப்பதை முதலில் ஒதுக்கி வையுங்கள். ரொம்ப வேகமில்லாத ஒரு காரை எடுத்து, ஒரே டிராக்கில், ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அரை மணி நேரம் போதும். சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பி வந்த காலத்திலிருந்து தாம்பரம் – பீச் மின்சார ரயிலில் ரேஸ் கேம் ஆடிக்கொண்டு போகிறவன் நான். எந்தப் புது கேம் வந்தாலும் இப்படித்தான் ஆரம்பிப்பேன்.

டிவியில் அருமையாக இருக்கும் கேம் கையில் சொதப்புவதற்கு முக்கியக் காரணம் பட்டன். பிஎஸ்பியில் ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் வெறும் பட்டன்கள். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில் விரல் நுனிக்கு வரும் இசட்எல், இசட்ஆர் பட்டன்கள் கூட அப்படித்தான், அழுத்தினால் முழுசாக, விட்டால் ஒன்றுமில்லை. பாதி பிரேக் என்று ஒன்று கிடையாது. (ஸ்டீம் டெக் என்ற இன்னொரு கருவியில் அழுத்தும் ஆழத்தை அறியும் ட்ரிக்கர் உண்டு, அது வேறு கதை.) ஆகவே உங்கள் விரல் சொல்வதை கேம்தான் பக்குவமாக மாற்றி டயருக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்பதுதான் முதல் சோதனை.

நேர் சாலையில் 150 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இடது பக்கம் ஒரே ஒரு தட்டு தட்டுங்கள். கார் மெல்ல அரை தடம் நகர்ந்தால் நல்லது. வெடுக்கென்று புல்லுக்குப் பாய்ந்தாலோ, கொஞ்சம் யோசித்துவிட்டு அசைந்தாலோ நல்லதில்லை. அடுத்து, பின்சக்கரம் இழுக்கும் வலுவான கார் ஒன்றை எடுத்து, சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோலை அணைத்துவிட்டு, இரண்டாம் கியர் வளைவிலிருந்து வெளியே வாருங்கள். ஆக்சிலரேட்டரை விட்டு விட்டுத் தட்டிப் பாருங்கள். 2009-இல் பிஎஸ்பிக்கு வந்த கிரான் டூரிஸ்மோவில் இது அழகாக வேலை செய்யும். பின்பக்கம் லேசாக ஆடும், ஒரு தட்டைக் குறைத்தால் அடங்கும். தட்டினாலும் அழுத்திப் பிடித்தாலும் கார் ஒரே மாதிரி நடந்துகொண்டால், அந்த கேமில் டயர் என்ற ஒன்றே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காதில் இயர்போன் அவசியம். பிஎஸ்பியில் அதிர்வு கிடையாது, ஸ்விட்சின் சின்ன வடிவமான ஸ்விட்ச் லைட்டிலும் கிடையாது. கை உணர வேண்டியதைக் காதுதான் உணர வேண்டும். நல்ல கேமில் டயர் பிடி விடுவதற்குச் சற்று முன்பே சத்தம் மாறும். முதலில் மெல்லிய முனகல், அப்புறம் அலறல். பிடி போன பிறகு மட்டும் கிறீச்சென்று ஒரே சத்தம் போடும் கேம் உங்களுக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

அப்புறம் பார்வை. இதற்கு லகூனா செகா டிராக் இருக்கும் கேமானால் வசதி. கலிஃபோர்னியாவில் இருக்கும் அந்த டிராக்கில் கார்க்ஸ்க்ரூ என்று ஒரு இடம்: மேடேறி இடது பக்கம் திரும்பினால் சாலை கண்ணுக்குத் தெரியாது, உடனே வலது பக்கம் மடங்கி, ஏறக்குறைய 18 மீட்டர் கீழே விழும். நிஜ டிரைவர்களே அங்கே தூரத்து அடையாளங்களைப் பார்த்துத்தான் காரைத் திருப்புகிறார்கள். பிஎஸ்பி திரையில் அகலவாக்கில் இருப்பது 480 புள்ளிகள்தான். அதற்குள் பிரேக் போட வேண்டிய இடம் உங்களுக்குத் தெரிகிறதா? பலகை, மரம், சிவப்பு வெள்ளை ஓரக்கல் என்று ஏதாவது ஒன்று கண்ணில் தங்கி, அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் பிரேக் போட முடிகிறதா? பின்னாலிருந்து பார்க்கும் கேமரா தாழ்வாக இருந்து, உங்கள் காரின் முதுகே வளைவை மறைத்தால் அது மன்னிக்க முடியாத குறை. பெரிய திரைக்குச் செய்ததை அப்படியே சுருக்கியிருக்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

பிரேம், அதாவது திரையில் நொடிக்கு எத்தனை படம் மாறுகிறது என்ற விஷயத்துக்கு ஒரு கணக்கு. 200 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 55 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. நொடிக்கு 30 பிரேம் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கார் சுமார் 1.85 மீட்டர் போய்விடும். 60 பிரேம் என்றால் அதில் பாதி. ஸ்விட்சுக்கு 2019-இல் வந்த கிரிட் ஆட்டோஸ்போர்ட் இதை உங்கள் கையிலேயே விட்டுவிடுகிறது: படத்தின் அழகா, வேகமா, பேட்டரி மிச்சமா என்று தனித்தனி மோடு. யோசிக்காமல் வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். சோதிக்க வேண்டிய இடம் காலி டிராக் அல்ல. கடைசி இடத்தில் கிளம்பி, எல்லாக் கார்களும் முன்னால் முண்டியடிக்கும் முதல் வளைவில் படம் திக்குகிறதா என்று பாருங்கள்.

இயற்பியல் துல்லியம்தான் தரம் என்று சொல்ல மாட்டேன். 2004-இல் பிஎஸ்பியோடு வந்த ரிட்ஜ் ரேசரில் ஆக்சிலரேட்டரை விட்டு, திருப்பி, மறுபடி அழுத்தினால் கார் வழுக்கிக்கொண்டே வளைவைச் சுற்றி வரும். எந்த நிஜக் காரும் அப்படிப் போகாது. ஆனால் வழுக்கும்போதுதான் திடீர் வேகம் தரும் நைட்ரோ நிரம்பும். எப்போது வழுக்குவது, எங்கே அதைச் செலவழிப்பது என்று ஒவ்வொரு சுற்றிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கும். பட்டனுக்காகவே யோசித்துச் செய்த ஓட்டுமுறை அது. கிரான் டூரிஸ்மோவில் 800-க்கு மேல் கார் உண்டு. ஆனால் ஒரு ரேஸில் 4 கார்தான், படிப்படியாக முன்னேறும் கேரியர் மோடும் கிடையாது. கார் ஓட்டும் சுகத்துக்கு அதை இன்றும் எடுப்பேன். ஆனால் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்று யாராவது கேட்டால், ரிட்ஜ் ரேசரைத்தான் கையில் கொடுப்பேன்.

கேமே ஓட்டும் எதிராளிகளைச் சோதிப்பது சுலபம். ஒரு சுற்று பிசகில்லாமல் ஓட்டுங்கள், பின்னால் இருப்பவர் ஒட்டிக்கொண்டே வருகிறாரா? அடுத்த ரேஸில் வேண்டுமென்றே ஓரமாக ஐந்து நொடி நில்லுங்கள், முன்னால் போனவர்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்களா? இரண்டும் நடந்தால் உங்கள் ஓட்டத்துக்கு அங்கே மதிப்பில்லை. மரியோ கார்ட் போன்ற விளையாட்டில் பின்தங்கியவருக்குக் கை கொடுப்பது விதியிலேயே இருக்கிறது, அது நேர்மையானது. நிஜ ரேஸ் என்று சொல்லிக்கொண்டு திருட்டுத்தனமாகச் செய்வதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

கடைசியாக, நடுவில் நிறுத்திப் பாருங்கள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் இருக்கும் நார்ட்ஷ்லைஃபே டிராக் ஒரு சுற்று 20 கிலோமீட்டருக்கு மேல். சின்னக் காரில் போனால் சுற்று முடிவதற்குள் இறங்கும் ஸ்டேஷன் வந்துவிடும். வளைவின் நடுவே கருவியைத் தூங்க வைத்து, சாயங்காலம் எழுப்புங்கள். பாஸ் மெனுவில் நின்று காத்திருக்கிறதா, மறுபடி ஓடத் தொடங்கும்முன் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணி விரலைத் தயார்படுத்துகிறதா, இல்லை எழுந்தவுடனே சுவரில் மோதவிடுகிறதா என்று கவனியுங்கள். தோற்ற ரேஸை மறுபடி ஆரம்பிக்க எவ்வளவு நேரம் லோடிங் ஆகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.